எந்தத் தாத்தா?

அத்தியாயம் பதினேழு

பல் தேய்க்கிற நேரத்தில் கெட்ட சேதி வரக் கூடாது. துப்பவும் முடியாது, முழுங்கவும் முடியாது.

டைல்ஸ்காரனுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் வந்தது. அதுவும் எட்டு வயது மகள் வாயிலிருந்து. அவளுக்கு வீட்டில் வக்கீல் என்று பெயர். எதைச் சொன்னாலும் இரண்டு கேள்வி கேட்காமல் விட மாட்டாள்.

"அம்மா, இன்னைக்குத் தாத்தாவைப் பார்க்கப் போறோம்னு சொன்னியே, எந்தத் தாத்தா?"

அவள் அம்மா தம்பிக்காரனின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"செவப்புச் சட்டை, வெள்ளைத் தாடி, மடியில உக்கார வச்சு மிட்டாய் குடுப்பாரே, அந்தக் கிறிஸ்துமஸ் தாத்தாதான். வேற எந்தத் தாத்தா இருக்காரு உங்களுக்கு?"

வாயில் இருந்த நுரை மொத்தமும் டைல்ஸ்காரன் தொண்டைக்குள் போய்விட்டது.

புதன்கிழமை சாயங்காலம் என்ன நடந்தது என்று போன வாரமே பார்த்தோம். அவன் வீட்டுக்காரி, பள்ளிக்கூடத்து யூனிபாரம் தைக்கிற கூடத்தில் நாள் முழுக்கக் காலர் தைத்துவிட்டு, கழுத்து வலியோடு வந்து உட்கார்ந்தாள். "ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களைத் தாத்தாகிட்ட கூட்டிட்டுப் போயிடலாம்ங்க. ரொம்ப நாளா கேக்குதுங்க. அந்தப் பெரிய காம்ப்ளெக்ஸுக்கே போயிடலாம்" என்றாள்.

அவன் காதுக்குத் தெரிந்த தாத்தா ஒருவர்தான். அவளைப் பெற்றவர். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், 'தரையில குந்தி வேலை செய்யறவனுக்கா என் பொண்ணு?' என்று கதவைச் சாத்தினவர் அவர். அதைக்கூட அவள் மன்னித்திருப்பாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அம்மா இறந்துபோனாள். நாலாம் நாள்தான் சித்தி ஒருத்தி எப்படியோ நம்பர் தேடிப் பிடித்துப் போன் பண்ணி அவளுக்குச் சொன்னாள். பெற்ற மகள் தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றையிலிருந்து அவள் வாயில் 'அப்பா' என்ற சொல்லே கிடையாது.

அந்த மனிதரோடு டைல்ஸ்காரன் மூன்று மாதமாகத் திருட்டுத்தனமாகப் போனில் பேசிக்கொண்டிருந்தான். கண் ஆபரேஷன் என்று சித்தி மூலமாகக் கேள்விப்பட்டு, மனசு கேட்காமல் ஆரம்பித்த பேச்சு. கண்ணைப் பற்றிப் பேசினார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள், பேரப்பிள்ளைகள் எவ்வளவு உயரம் என்று பேசினார்கள். அந்தச் சாவை மட்டும், ஈரச் சிமெண்டைத் தாண்டிப் போகிற மாதிரி, இரண்டு பேருமே காலைத் தூக்கித் தாண்டிப் போனார்கள்.

ஆக, புதன்கிழமை அவள் 'தாத்தா' என்றதும், சங்கதி அவளுக்குத் தெரிந்துவிட்டது, மனசும் இளகிவிட்டது என்று அவன் எடுத்துக்கொண்டான். வீட்டுக்கு வேண்டாம், பொது இடத்தில் பார்க்கலாம் என்று நினைக்கிறாள் போலிருக்கிறது, கெட்டிக்காரி என்று மெச்சிக்கொள்ளவும் செய்தான். தெருமுனைக்கு ஓடிப்போய்ப் போன் பண்ணினான்.

"மாமா, அவளே சொல்லிட்டா. ஞாயித்துக்கிழமை வாங்க. காம்ப்ளெக்ஸ் வாசல்ல பெரிய கடிகாரம் இருக்கும். பன்னெண்டு மணிக்கு அதுக்குக் கீழ நில்லுங்க."

அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "நெசமாவா மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை! ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. அந்த ஒரு சொல்லை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டே மூன்று நாளை ஓட்டிவிட்டான். அவளாக எடுத்த பேச்சு, நாம் கிளறக் கூடாது என்று வீட்டில் மூச்சு விடவில்லை.

இப்போது வாயெல்லாம் பற்பசைக் காரம்.

"என்னங்க அப்படியே நிக்கறீங்க? வாயைக் கொப்புளிங்க" என்றாள் அவள்.

* * *

போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டான். மாமனாரின் போன் அணைத்துக் கிடந்தது. சார்ஜ் தீர்ந்துவிடும் என்று பஸ் ஏறினதும் அணைத்துவிடுவார். அவர் ஆறரை மணி பஸ். ஐந்து மணி நேரப் பயணம். இப்போது மணி எட்டு.

மறுபடியும் போட்டான். அணைத்துக் கிடந்தது.

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி ஆகிவிட்டது. கத்தவும் வழியில்லை. இவளிடம் சொன்னால் இவள் வர மாட்டாள். சொல்லாமல் கூட்டிக்கொண்டு போனால், அங்கே அவரைப் பார்த்ததும் அத்தனை பேர் முன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவாள். அந்த மனிதர் ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்து, மகள் முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், இன்னொரு தடவை வருவாரா? வயசு எழுபத்தி ஒன்று.

வெளியே வந்து, "இன்னைக்குப் பார்க்குக்குப் போலாமா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"ஏன்?" என்றாள் வக்கீல்.

"காத்தோட்டமா இருக்கும்."

"படகுல போனோம், அதுவும் காத்தோட்டம்தான். ரயில் கண்காட்சிக்குப் போனோம். மூணாவது ஞாயித்துக்கிழமை தாத்தான்னு நீதானே தலையாட்டின?"

உண்மைதான். வருஷம் பூரா ஞாயிற்றுக்கிழமையும் வேலை. அதனால் கிறிஸ்துமஸுக்கு முந்தின மூன்று ஞாயிற்றுக்கிழமையும் பிள்ளைகளுக்கு என்று அவனே வாக்குக் கொடுத்திருந்தான். இது மூன்றாவது.

"எனக்கு வயிறு சரியில்ல" என்றான்.

"பேஸ்ட்டை முழுங்கினா சரியா இருக்குமா?" என்றாள் வீட்டுக்காரி. "இந்தாங்க, இவனுக்குச் சாக்ஸ் போடுங்க."

தம்பிக்காரன் சுண்டு, காலை நீட்டினான். நாலு வயசு. ஒரு காலுக்கு மஞ்சள், ஒரு காலுக்கு நீலம். டைல்ஸ்காரன் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். எது தப்பு என்று அவனுக்குப் புரியவில்லை.

* * *

பஸ்ஸில் அவன் வீட்டுக்காரி முன்பக்கம் உட்காரவே மாட்டாள். டிரைவர் முதுகு தெரியாத கடைசி வரிசைதான் அவளுக்கு. பிள்ளைகள் இரண்டும் ஜன்னலுக்குச் சண்டை போட்டு, ஆளுக்குப் பாதி முகத்தை வெளியே வைத்துக்கொண்டன.

அவள் நல்ல துணி உடுத்தியிருந்தாள். காதில் சின்னதாக ஒரு தொங்கல். அவள் சந்தோஷமாக இருந்ததைப் பார்த்து அவனுக்குப் பகீர் என்றது.

"ஏம்மா."

"ம்."

"ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். உங்கப்பா இப்ப நம்ம முன்னால வந்து நின்னா என்ன பண்ணுவ?"

அவள் திரும்பி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன திடீர்னு?"

"சும்மா. பஸ்ஸைப் பார்த்ததும் ஞாபகம் வந்துச்சு."

"தினமும்தான் பஸ்ஸுல போறீங்க." பிள்ளைகளுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "ஒரே ஒரு கேள்வி கேப்பேன். எங்கம்மா முகத்தை எனக்கு ஏன் காட்டலைன்னு. அதுக்குப் பதில் சொல்லட்டும். பதில் இல்லைன்னா வந்த வழியே போகட்டும்."

"பதில் இருந்தா?"

"இருந்திருந்தா ஆறு வருஷமா சொல்லியிருக்க மாட்டாரா?"

அவன் டிக்கெட் காசை எண்ணினான், மறுபடியும் முதலிலிருந்து எண்ணினான். கண்டக்டர் வந்து, "என்னண்ணே, எங்க போகணும்னு தெரியாம ஏறிட்டீங்களா?" என்றார்.

"கிட்டத்தட்ட அப்படித்தான்" என்றான் டைல்ஸ்காரன்.

* * *

காம்ப்ளெக்ஸ் வாசலில் இறங்கினதும் அவன் தேடியது கடிகாரத்தைத்தான். கடிகாரத்தைக் காணோம்.

அது இருந்த இடத்தில், ஒரு லாரி அகலத்துக்குப் பெரிய காகித நட்சத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது. கிறிஸ்துமஸுக்குக் கட்டியிருக்கிறார்கள். கடிகாரத்தின் ஒரு முள்கூட வெளியே தெரியவில்லை. போதாததற்கு முன்வாசலில் பாதியை அடைத்து, பஞ்சுப் பனி கொட்டி, பிளாஸ்டிக் மரம் நட்டு, பக்கத்து வாசல் வழியாகப் போங்கள் என்று அம்புக்குறி போட்டிருந்தார்கள்.

கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டிருக்கிற ஒரு கிழவர் இதில் எதைக் கண்டுபிடிப்பார்?

உள்ளே இரண்டாவது மாடியில் கூட்டம் நெரிந்தது. ஒரு பெரிய சிவப்பு நாற்காலி, அதில் கிறிஸ்துமஸ் தாத்தா. முன்னால் கயிறு கட்டிய வரிசை. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பெண் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர்களுக்குக் கிடைத்தது தொண்ணூற்று ஆறு. உள்ளே ஓடிக்கொண்டிருந்தது நாற்பத்தி இரண்டு.

"இது ஒரு மணி நேரம் ஆகும்" என்றாள் வீட்டுக்காரி, சலிப்பில்லாமல்.

தாத்தாவுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு இருமல், ஒரு மிட்டாய். தாடியை நகர்த்தி நகர்த்தி வெந்நீர் குடித்தார்.

"தாடி ஒட்டினது" என்று அறிவித்தாள் வக்கீல்.

"சத்தமா சொல்லாதே. தம்பி காதுல விழும்."

"அவனுக்கும் தெரியும். இல்லடா?"

சுண்டுக்கு எதுவும் தெரியாது. அவன் தரையைத் தட்டிக்கொண்டிருந்தான். டைல்ஸ்காரனும் குனிந்து தரையைப் பார்த்தான். வேலைக்காரன் கண் போகிற இடம் அது. மூலையில் நாலு கல் பொள்ளலாகக் கிடந்தன. அடியில் கலவை ஏறவில்லை, மிதித்தால் 'டொக்' என்னும். மேலே மினுமினுப்பு, உள்ளே காற்று. இன்றைக்கு என் நிலைமை மாதிரியே என்று நினைத்துக்கொண்டான்.

பதினொன்றரை ஆனது. பதினொன்று நாற்பது. டோக்கன் எழுபத்தி மூன்று.

"எனக்கு வயிறு..." என்றான்.

"போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க" என்று விரட்டினாள் அவள். "நம்ம முறை வர்றதுக்குள்ள வந்துடுங்க. போட்டோ எடுப்பாங்க."

நகரும் படிக்கட்டில் நிற்கப் பொறுமையில்லாமல் இரண்டிரண்டாக இறங்கினான்.

முன்வாசலில் அவர் இல்லை. நட்சத்திரத்துக்குக் கீழே இல்லை. பக்கத்து வாசலில் இல்லை. எதிர்ச்சாரி பஸ் நிறுத்தத்தில் இல்லை. போன் அணைத்துத்தான் கிடந்தது. பன்னிரண்டு ஆகிப் பத்து நிமிஷம் இருக்கும். திரும்பி ஓடிவந்து வாசல் காவலாளியைப் பிடித்தான்.

"அண்ணே, ஒரு பெரியவர் வந்தாரா? எழுபது வயசு, உயரமா?"

"வெள்ளைத் தாடியா?"

தாடியா? டைல்ஸ்காரனுக்குத் தெரிந்த மாமனாருக்கு மீசைதான். ஆனாலும் பார்த்து ஒன்பது வருஷம் ஆகிறதே. "இருக்கலாம்" என்றான்.

"இருக்கலாமா? ஆளைத் தெரியாமலே தேடறீங்களா?" காவலாளி சிரித்தார். "வந்தாரே. கடிகாரம் எங்க, கடிகாரம் எங்கன்னு சுத்திட்டிருந்தாரு. யாருங்க நீங்கன்னு கேட்டேன். நான் தாத்தா, பன்னெண்டு மணிக்கு வரச் சொன்னாங்க, பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்கும்னாரு. அடடா, உங்களைத்தானே தேடிக்கிட்டிருக்காங்கன்னு மேல அனுப்பிட்டேன்."

"மேலன்னா எங்க?"

"வேற எங்க, டிரெஸ் மாத்தற ரூமுக்கு. காலையிலேர்ந்து இருக்கற தாத்தாவுக்குத் தொண்டை போச்சு. பன்னெண்டுக்கு ரெண்டாவது தாத்தாவை அனுப்பறோம்னு ஏஜென்சில சொல்லியிருந்தாங்க."

டைல்ஸ்காரனுக்கு ஒரு நிமிஷம் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"அண்ணே, அவர் அந்தத் தாத்தா இல்ல."

"பின்ன?"

"நெசத் தாத்தா."

காவலாளி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தார். "தம்பி, நெசத் தாத்தான்னு ஒருத்தர் கிடையாது. இவ்வளவு வளர்ந்திருக்கீங்க. மெதுவாப் பேசுங்க, பிள்ளைங்க காதுல விழுந்துடப் போகுது."

அந்த நேரம் பார்த்து, தோளில் ஒரு பையோடு ஒரு பெரியவர் மூச்சு வாங்க வந்து நின்றார். "ஏஜென்சிலேர்ந்து வர்றேங்க. தாத்தா வேலைக்கு."

காவலாளி அவரைப் பார்த்தார், டைல்ஸ்காரனைப் பார்த்தார். "அப்ப மேல போனது யாரு?"

பதில் சொல்ல அவன் அங்கே இல்லை.

* * *

இரண்டாவது மாடி ஏறி வந்தபோது நாற்காலியில் ஆள் மாறியிருந்தது.

சிவப்புக் கோட்டு தோளில் இறுக்கமாக இருந்தது. கை நீளம் போதாமல் மணிக்கட்டு வெளியே தெரிந்தது. தொப்பி புருவம் வரைக்கும் இறங்கியிருந்தது. தாடி மட்டும் ஒட்டினதில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள் போல. அதைக் கையில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வருகிற பிள்ளை முகம் ஒவ்வொன்றையும் உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தேடுகிறார் என்று டைல்ஸ்காரனுக்குப் புரிந்தது. நாலு வயசுப் பையன் யார் வந்தாலும் அவர் முகம் ஒரு தடவை மலர்ந்து, பக்கத்தில் நிற்கிற பெண்ணைப் பார்த்ததும் அடங்கியது.

அவன் வீட்டுக்காரி வரிசையில் நாலாவதாக நின்றாள்.

"வந்துட்டீங்களா? தாத்தா மாறிட்டாரு. இவர் பரவாயில்ல, இருமல."

"ஏம்மா, ஒரு நிமிஷம் வெளிய வா."

"விளையாடறீங்களா? மூணு டோக்கன்தான் இருக்கு."

"அந்தத் தாத்தா வந்து..."

"ஆமா, தாத்தாதான்."

"இல்லம்மா, அது தாத்தா."

"அதைத்தானே நானும் சொல்றேன்?"

"நான் சொல்றது வேற தாத்தா."

"வேற தாத்தா போயிட்டாரு, இது புதுத் தாத்தா. உங்களுக்கு வயிறா, தலையா?" அவன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "வேர்த்து ஊத்துது."

"அப்பா பொய் சொல்றப்பதான் வேர்க்கும்" என்றாள் வக்கீல்.

"தொண்ணூத்தி ஆறு!" என்று கூப்பிட்டாள் அட்டைக்காரப் பெண்.

டைல்ஸ்காரன் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். பாதி போட்ட தரை மாதிரிதான் இனி. முன்னாலும் கால் வைக்க முடியாது, பின்னாலும் வைக்க முடியாது.

வக்கீல் நேராகப் போய் நாற்காலிக்கு முன்னால் நின்றாள். சுண்டு அம்மாவின் இடுப்பை விடவில்லை.

"நீங்க எங்கேருந்து வர்றீங்க?"

தாத்தா அவளையே பார்த்தார். "ரொம்பத் தூரத்துலேர்ந்து கண்ணு."

"எதுல?"

"பஸ்ஸுல."

"மான் வண்டில இல்லையா?"

"இல்லம்மா. ஆறரை மணி பஸ்ஸு. நடு வழியில டயர் பஞ்சர். நானும் இறங்கி ஒரு கை பிடிச்சேன்."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்காரியும் சிரித்தாள். "நல்லா நடிக்கிறாருங்க" என்று டைல்ஸ்காரன் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

அந்தத் திரும்பலில்தான் கிழவர் அவனைப் பார்த்தார். கொஞ்சம் முன்னால் குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"மாப்பிள்ளை, இந்த வேஷத்தைப் போட்டுக்கிட்டு வரணும்னு அவதான் சொன்னாளா? சரி, அவ சொன்னா போட்டுக்க வேண்டியதுதானேன்னு போட்டுட்டேன்."

சத்தத்தில் அது அவள் காதில் விழவில்லை. அட்டைக்காரப் பெண் அவசரப்படுத்தினாள். வீட்டுக்காரி சுண்டுவைத் தூக்கி நாற்காலிப் பக்கம் நீட்டினாள். அவன் காலை உதைத்து அழ ஆரம்பித்தான்.

கிழவர் இரண்டு கையாலும் அவனை வாங்கினார். மடியில் வைத்து, தன் இரண்டு முழங்காலையும் லேசாக ஆட்டினார். அவன் கையைப் பிடித்து, இல்லாத ஒரு ஸ்டீரிங்கின் மேல் வைத்தார்.

"ஏறியாச்சா? உக்காந்தாச்சா? முன்னால போற வண்டியெல்லாம் ஓரம் போ, எங்க ராசா வர்றாரு... போலாம் ரைட்!"

சுண்டு அழுகையை நிறுத்தினான்.

அவள் சிரிப்பும் நின்றது. சின்ன வயசில் அப்பா மடியில் அவள் ஏறின பஸ் அது.

டைல்ஸ்காரன் அவள் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முதுகு ஒரு சுவர் மாதிரி ஆனது. அவள் ஒரு அடி முன்னால் வைத்தாள். தொப்பிக்குக் கீழே குனிந்து அந்த முகத்தைப் பார்த்தாள். தாடியைத் தாண்டி, வருஷத்தைத் தாண்டிப் பார்த்தாள்.

முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள் என்று அவன் பயந்தான். அவள் போகவில்லை.

"எங்கம்மா முகத்தை எனக்கு ஏன் காட்டல?"

குரல் உயரவே இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "என்னவாம், பெரியவங்களும் கேக்கலாமா?" என்று யாரையோ விசாரித்தாள். "ஒரு ஆளுக்கு ஒரு நிமிஷம்தாங்க" என்றாள் அட்டைக்காரப் பெண்.

கிழவர் சுண்டுவின் கையை ஸ்டீரிங்கிலிருந்து எடுக்கவில்லை. அவர் கண்ணில் நீர் வழிந்தது. மருந்து விட்ட கண்.

"நீ வரலையேம்மா" என்றார்.

"எனக்குச் சொன்னாத்தானே வர்றதுக்கு?"

"சொல்லி அனுப்பினேனே." அவர் குழம்பிப்போய் அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். "உன் வீடும் எனக்குத் தெரியாது, போன் நம்பரும் தெரியாது. மாப்பிள்ளை வேலை செய்யற கட்டடம் மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். என் வண்டிக் கண்டக்டர்கிட்ட சீட்டு எழுதிக் குடுத்து விடியற்காலையிலேயே அனுப்பினேன். மேஸ்திரி மாப்பிள்ளை கையிலேயே குடுத்துட்டாராம். கண்டக்டர் எதிர்ல நின்னு பார்த்துட்டு வந்தான். பொழுது சாயற வரைக்கும் எடுக்காம வச்சிருந்தோம். ஒவ்வொரு பஸ்ஸா பார்த்தேன். நீ வரல. வர இஷ்டமில்லன்னு நினைச்சுக்கிட்டேன்."

டைல்ஸ்காரன் காதில் காம்ப்ளெக்ஸின் அத்தனை சத்தமும் தூரமாகப் போனது.

சீட்டு. அந்தக் காலத்தில் அவனுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. வக்கீல் ஒண்ணாம் வகுப்பு போனபோதுதான், அவள் பக்கத்தில் குந்தி, அவள் பலகையைப் பார்த்து எழுத்துக் கூட்டினான். அதற்கு முன்னால் வேலை இடத்தில் எந்தச் சீட்டு வந்தாலும் அது அளவுச் சீட்டுதான். வாங்கி, தெரிந்த மாதிரி ஒரு பார்வை பார்த்து, பைக்குள் வைத்துக்கொள்வான். நீள அகலத்தை அப்புறம் யாரிடமாவது வாய்ப்பேச்சில் கேட்டுக்கொள்வான்.

நூறு சீட்டு வந்திருக்கும். எது என்று எப்படித் தெரியும்?

ஆனால் ஒரு நாள் தெரிந்தது. ஒரே ஒரு நாள். லீவே கொடுக்காத அந்த மேஸ்திரி ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு, தோளில் கை வைத்து, "நீ கிளம்புப்பா, இன்னைக்கு உனக்கு வேலை வேண்டாம்" என்று சொன்ன நாள். வேலையை விட்டுத் துரத்துகிறார் என்று பயந்து, "வேணாம்ணே, நான் போகல, சாயங்காலம் வரைக்கும் நிக்கறேன்" என்று அவன் கெஞ்சின நாள். மேஸ்திரி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்து, "என்ன மனுஷன்டா நீ" என்று சொல்லிவிட்டுப் போனார். எதற்குத் திட்டினார் என்று அன்று அவனுக்குப் புரியவில்லை. குளியலறைச் சுவருக்குக் கல் பதித்துக்கொண்டிருந்தான். இடைவெளிக்கு வைக்கிற கட்டை தீர்ந்திருந்தது. அந்தச் சீட்டைத்தான் கிழித்து, மடித்து, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சொருகினான்.

அவள் இன்னும் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாக அவன் பக்கம் திரும்பினாள்.

"உங்க கையில குடுத்தாங்களா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். மேஸ்திரி எந்த ஊரில் இருக்கிறாரோ. கண்டக்டர் பார்த்தது வேறு யாரையோ என்று சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்? அவள் கண் அவன் முகத்தில் நின்றது. இல்லை என்று சொல்லுங்கள் என்று அந்தக் கண் கெஞ்சுகிற மாதிரிகூட அவனுக்குத் தோன்றியது.

"குடுத்தாங்க" என்றான். "எனக்குப் படிக்கத் தெரியலம்மா."

"அடுத்த டோக்கன் தொண்ணூத்தி ஏழு!" என்று அட்டைக்காரப் பெண் கத்தினாள். "அம்மா, பிள்ளையை இறக்குங்க. இன்னும் எத்தனை பேர் நிக்கறாங்க பாருங்க."

சுண்டுவை இறக்க அவள் கை நீட்டினாள். நீட்டின கை பாதியில் நின்றது. பிறகு, வக்கீலின் தோளைப் பிடித்து அவளையும் நாற்காலிப் பக்கம் தள்ளிவிட்டாள்.

"இதுங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கோங்கப்பா" என்றாள்.

கிழவர் வக்கீலின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

அவள் டைல்ஸ்காரனைத் தாண்டி, கயிற்றைத் தூக்கிக் குனிந்து வெளியே போனாள். இறங்குகிற படிக்கட்டுப் பக்கம் போய், திரும்பிப் பார்க்காமல் நின்றாள்.

"வாங்க" என்றாள். "கீழ போய்ப் பேசுவோம்."